பழைய கரண்ட் லைனை ஊரே சேர்ந்து புதுசாக்குறது எப்படி: முதல்முறையா இறங்குறவங்களுக்கு

டவுனை விட்டு ரொம்ப தள்ளி இருக்கிற சின்ன ஊருக்கு கரண்ட் வர்றது பெரும்பாலும் ரெண்டே விதமாத்தான். ஒண்ணு, எங்கேயோ இருக்கிற சப்ஸ்டேஷன்ல இருந்து காடு மேடு தாண்டி ஒத்தை ஃபீடர்ல, அதாவது ஒரே ஒரு மெயின் லைன்ல வரும், நடுவுல எங்கேயாவது ஒரு கிளை ஒடிஞ்சு விழுந்தா மொத்த ஊரும் இருட்டு, ஆள் வந்து எந்த இடம்னு கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும். இன்னொண்ணு, லைனே கிடையாது, ஒரு தகர ஷெட்டுல டீசல் ஜெனரேட்டர் ஓடிட்டு இருக்கும், டீசல் கொண்டு வர்ற வண்டியோ படகோ வரலைன்னா அதுவும் நின்னுடும். ரெண்டுலயுமே கம்பி, போஸ்ட், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் 30, 40 வருஷத்துக்கு முன்னாடி வீட்டுக்கு ரெண்டு பல்பு ஒரு ஃபேன்னு கணக்கு போட்டு நட்டது. இப்ப அதே கம்பியில ஃப்ரிட்ஜ், தண்ணி மோட்டார், ஏசி, செல்போன் டவர்னு எல்லாம் ஏறியிருக்கு.

இதை மாத்தணும்னு கிளம்புறவங்க முதல்ல கேக்குறது "சோலார் போடலாமா, பேட்டரி எவ்வளவு ஆகும்"னுதான். நானும் அங்கதான் ஆரம்பிச்சேன், அதுல ஆறு மாசம் போச்சு. இப்ப யார் கேட்டாலும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்றேன், பேட்டரி, இன்வெர்ட்டர்னு பெட்டி எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்குங்க, அந்த நோட்டை ஊர்க்காரங்க கையால எழுத வைங்க. அந்த நோட்டு இல்லாம நடக்குற கூட்டம், போடுற எஸ்டிமேட், கேக்குற பணம் எல்லாமே யூகம்தான்.

முதல் வேலை: நோட்டு

ஊர்ல ஒரு அஞ்சாறு இடம் எடுத்துக்கோங்க. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல ஒரு வீடு, நடுவுல ரெண்டு, லைன் முடியுற கடைசி போஸ்ட்ல இருந்து சர்வீஸ் எடுத்திருக்கிற வீடு ஒண்ணு கண்டிப்பா, அப்புறம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தண்ணி மோட்டார் ரூம். ஒவ்வொரு இடத்துலயும் பிளக்குல சொருகினாலே வோல்டேஜ் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு, ஒரு நோட்டு, ஒரு பேனா. மல்டிமீட்டர் வேண்டாம், பழக்கம் இல்லாதவங்க அதோட கம்பியை பிளக்குல விடுறது ஆபத்து.

எழுத வேண்டியது கொஞ்சம்தான். கரண்ட் எப்ப போச்சு, எப்ப வந்துச்சு, ஊர் முழுக்கவா இல்ல நம்ம தெரு மட்டுமா, அப்ப காத்தா மழையா வெயிலா, அப்புறம் காலையில, மத்தியானம், சாயந்தரம் 7 மணிக்கு வோல்டேஜ் எவ்வளவு. ஒரு வருஷம் எழுதினா ரொம்ப நல்லது, முடியலைன்னா ஒரு மழைக்காலமும் ஒரு கோடையுமாவது நோட்டுல வரணும், ஏன்னா மழையில வர்ற கோளாறு வேற, வெயில்ல வர்ற கோளாறு வேற.

நான் பாத்த ஒரு கடைசி வீட்டுல ஒரு பாட்டி இருந்தாங்க, எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா நம்பர் தெரியும். மீட்டர் காட்டுறதை அடுப்படி சுவத்துல கரித்துண்டால எழுதி வெப்பாங்க, சாயந்தரம் பேரன் ஸ்கூல் விட்டு வந்து நோட்டுல ஏத்துவான். காலையில 221, மத்தியானம் 214, சாயந்தரம் 7 மணிக்கு 168. நாலு மாசமும் அந்த 7 மணி நம்பர் 175-ஐ தாண்டவே இல்ல. 230 வோல்ட் சப்ளைன்னா பொதுவா மேல கீழ 10 சதவீதம் வரைக்கும்தான் போகலாம், அதாவது 207-க்கு கீழ இறங்கவே கூடாது. அந்த வீட்டு ஃப்ரிட்ஜ் ரெண்டு தடவை கம்ப்ரஸர் எரிஞ்சு போயிருக்கு, எல்லாரும் கம்பெனி சரியில்லன்னு சொல்லிட்டு இருந்தாங்க. இன்ஜினியர் வந்தப்ப அந்த சுவத்தைத்தான் காட்டினோம், ஒரு நிமிஷம் பேசாம நின்னு பாத்துட்டு அப்புறம்தான் லைன் மேப்பை எடுத்தாரு.

நோட்டு ஒழுங்கா இருந்தா கோளாறு தானே பேசும். கடைசி வீடுகள்ல மட்டும், அதுவும் சாயந்தரம் மட்டும் வோல்டேஜ் இறங்குதுன்னா கம்பி மெலிசு, லைன் நீளம். காத்தடிச்சா ஊர் முழுக்க ரெண்டு நிமிஷம் போய் போய் வருதுன்னா எங்கேயோ மரம் உரசுது. தினமும் ஒரே நேரத்துல டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸ் போகுதுன்னா ஓவர்லோடு. இன்னொண்ணு இருக்கு, இதை மட்டும் நோட்டுல எழுதிட்டு சும்மா இருக்கக் கூடாது, ஒரு வீட்டுல லைட் கண்ணு கூசுற மாதிரி எரிஞ்சு பக்கத்து வீட்டுல மங்கலா எரிஞ்சா நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற கம்பி, லூஸ் ஆயிருக்கு இல்ல அறுந்திருக்குன்னு அர்த்தம், 230 வரவேண்டிய பிளக்குல 400 வரைக்கும் ஏறலாம், உடனே மெயினை ஆஃப் பண்ணிட்டு பக்கத்து வீடுகள்லயும் பண்ணச் சொல்லிட்டு லைன்மேனுக்கு போன் போடுங்க.

ரெண்டாவது: லைனை நடந்து பாக்குறது

லைன்மேனை கூட்டிட்டு ஒரு நாள் முழுக்க ஃபீடர் ஓரமா நடங்க. அவரை விட அந்த லைனைத் தெரிஞ்சவங்க யாரும் கிடையாது, எந்த போஸ்ட்ல ஜம்பர் (ரெண்டு கம்பியை இணைக்கிற துண்டுக் கம்பி) அடிக்கடி அறுந்து போகுது, கம்பியைத் தாங்குற எந்த பீங்கான் விரிசல் விட்டிருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு, ஆனா பெரும்பாலான இடத்துல அவர்கிட்ட யாரும் கேட்டதே இல்ல. அவர் சொல்லச் சொல்ல ஒருத்தர் எழுதணும், ஒருத்தர் போட்டோ எடுக்கணும். நீங்க எதையும் தொடக் கூடாது, போஸ்ட் சாயாம மண்ணுல இழுத்துக் கட்டியிருக்கிற ஸ்டே கம்பியைக் கூட பிடிச்சுட்டு நிக்காதீங்க, பழைய லைன்ல ஸ்டே கம்பியில கரண்ட் இறங்கி ஆள் செத்திருக்காங்க.

மரப் போஸ்டா இருந்தா மண்ணும் போஸ்டும் சேர்ற இடத்துலதான் உளுத்துப் போகும், வெளியில பாத்தா நல்லாத்தான் தெரியும், சுத்தியால தட்டிப் பாத்தா பொத்துன்னு சத்தம் வரும், அந்த வேலையை அவரே செய்யட்டும். சிமெண்ட் போஸ்டுல கான்கிரீட் உதிர்ந்து உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சு தெரியுதான்னு பாருங்க. டிரான்ஸ்ஃபார்மர்ல ஒரு சின்ன கண்ணாடிக் குடுவை தொங்கும், அதுக்குள்ள சிலிக்கா ஜெல், நீலமா இருந்தா சரி, ரோஸ் கலருக்கு மாறியிருந்தா ஈரத்தை இதுக்கு மேல உறிஞ்ச முடியாம இருக்கு, ஈரம் ஆயில்ல இறங்குதுன்னு அர்த்தம். வேற கலர் ஜெல்லும் இருக்கு, அதனால எந்தக் கலர்ல இருந்து எதுக்கு மாறும்னு லைன்மேன்கிட்ட கேட்டுக்கோங்க. அடியில ஆயில் கசிவு இருந்தா போட்டோ எடுங்க, கையை வைக்காதீங்க. ரொம்பப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சிலதுல ஆயிலோட பிசிபின்னு ஒரு நச்சு இருக்கும், நச்சு ரசாயனங்களுக்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல 2025-க்குள்ள அந்த மாதிரி சாதனங்களை உபயோகத்துல இருந்து எடுக்கணும், 2028-க்குள்ள பாதுகாப்பா அழிக்கணும்னு நாடுகள் ஒத்துக்கிட்டிருக்கு. அதனால பழசை கழட்டும்போது அந்த ஆயிலை யாரும் கேன்ல பிடிச்சு வீட்டுக்கு கொண்டு போகாம பாத்துக்கணும், டெஸ்ட் பண்ணாம ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது.

இது எல்லாம் யாரோட சொத்துன்னும் அன்னைக்கே தெளிவா எழுதிக்கோங்க. மீட்டர் வரைக்கும் மின்வாரியமோ கம்பெனியோ, அதுக்கு அப்புறம் வீட்டுக்காரங்க, சில ஊர்ல கூட்டுறவு சங்கம். அனுமதி இல்லாம ஒரு போஸ்டைக் கூட நகர்த்த முடியாது, அதனால நோட்டோட காப்பி, போட்டோ, மேப் மூணையும் வெச்சு எழுத்துல மனு குடுத்து ரசீது வாங்கிடுங்க.

மூணாவது: ஊர்க்கூட்டம்

இங்கதான் பாதி வேலை இருக்கு, இங்கதான் பாதி திட்டம் சாகுது. கூட்டம் போட்டா முன் வரிசையில யார் உக்காருவாங்கன்னு உங்களுக்கே தெரியும். லைன் ஆரம்பத்துல வீடு இருக்கிறவங்களும், கடை வெச்சிருக்கிறவங்களும், நல்லா பேசத் தெரிஞ்சவங்களும் வருவாங்க. 168 வோல்ட்ல குடும்பம் நடத்துறவங்க அந்த நேரத்துல வீட்டுல வேலையா இருப்பாங்க. அதனால பொதுக்கூட்டத்துக்கு முன்னாடி வீடு வீடா போங்க, கடைசி போஸ்ட்ல இருந்து ஆரம்பிச்சு டிரான்ஸ்ஃபார்மரை நோக்கி வாங்க. வாடகைக்கு இருக்கிறவங்க, தனியா இருக்கிற வயசானவங்க, வீட்டுல ஆக்சிஜன் மெஷின் வெச்சிருக்கிறவங்க எல்லாரையும் பாத்து பேசுங்க.

கேக்குற கேள்வியும் முக்கியம். "சோலார் வேணுமா"ன்னு கேட்டா எல்லாரும் வேணும்னுதான் சொல்லுவாங்க, அதுல ஒண்ணும் தெரியாது. "கரண்ட் போனா உங்களுக்கு முதல்ல எது நிக்குது, எவ்வளவு நேரம் தாங்குவீங்க"ன்னு கேளுங்க. அப்பத்தான் ஆஸ்பத்திரி நர்ஸ், தடுப்பூசி ஃப்ரிட்ஜ் 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ளயே இருக்கணும், ராத்திரி கரண்ட் போனா நான் தூங்குறதே இல்லன்னு சொல்லுவாங்க. எது முதல்ல காப்பாத்தப்படணும்ங்கிற வரிசை இந்த மாதிரி பதில்கள்ல இருந்துதான் வரும்.

கேக்காம போட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு பீகார்ல இருக்கிற தர்னை கிராமம் ஒரு பாடம். அங்க 2014-ல 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட், அதாவது ஊருக்குள்ளயே ஓடுற குட்டி கரண்ட் அமைப்பு, போட்டாங்க, நல்ல எண்ணத்தோட போட்டதுதான், நாடே பேசுச்சு. ஆனா ஃப்ரிட்ஜ் மாதிரி பெரிய லோடு போடக் கூடாதுன்னு கட்டுப்பாடு, ஊர்க்காரங்க எதிர்பார்த்ததோ மத்த ஊர்ல இருக்கிற மாதிரி "நிஜ கரண்ட்", திறப்பு விழாவுலயே அதைக் கேட்டாங்க. கொஞ்ச நாள்ல கிரிட் கரண்ட், அதாவது வெளிய இருந்து வர்ற லைன் கரண்ட், அதை விட கம்மி விலையில வந்துச்சு, சில வருஷத்துல பேட்டரி தேஞ்சு போச்சு, மாத்துறதுக்கு வழியில்லாம அப்படியே நின்னுடுச்சு. ஊர்க்காரங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன், அவங்க என்ன கேட்டாங்களோ அது கிடைக்கல.

டென்மார்க்ல சாம்சோன்னு ஒரு தீவு, அங்க வேற மாதிரி நடந்துச்சு. காத்து, வெயில் மாதிரி தீராத சக்தியிலயே ஓடுற தீவா மாறுறதுக்கு 1997-ல அரசாங்கம் நடத்தின போட்டியில ஜெயிச்ச ஊர் அது. சோரன் ஹெர்மன்சன்ங்கிற உள்ளூர்க்காரர் வருஷக்கணக்கா கூட்டம் கூட்டமா உக்காந்து பேசினாரு, தீவுல நட்ட 11 காற்றாலையில பெரும்பாலானது அங்க இருக்கிற விவசாயிகளோடதே, மீதி கூட்டுறவுல பங்கு வாங்கினவங்களோடது. தன் பணம் போட்டவன் ஜன்னல் வழியா பாக்கும்போது அது சுத்துதான்னு பாப்பான். அடுத்தவன் கொண்டு வந்து நட்டதா இருந்தா சத்தம் போடுதேன்னுதான் சொல்லுவான்.

கூட்டத்துல எடுக்குற முடிவை அன்னைக்கே எழுதி படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்குங்க. ஒத்துக்காதவங்க என்ன சொன்னாங்கங்கிறதையும் எழுதுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க சொன்னதுதான் சரியா இருக்கும், பல தடவை பாத்திருக்கேன்.

நாலாவது: எவ்வளவு வேணும்னு கணக்கு

வீட்டுக்கு வீடு என்னென்ன ஓடுது, எத்தனை வாட், எந்த நேரத்துலன்னு ஒரு பட்டியல். காலேஜ் படிக்கிற பசங்ககிட்ட குடுத்தா ஒரு வாரத்துல முடிச்சிடுவாங்க. இதுல ரெண்டு நம்பர் வேணும், ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை யூனிட், ஒரே நேரத்துல அதிகபட்சம் எத்தனை கிலோவாட். புதுசா வர்றவங்க இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்குவாங்க. தண்ணித் தொட்டி மாதிரி நினைச்சுக்கோங்க, யூனிட்ங்கிறது தொட்டியில இருக்கிற தண்ணி, கிலோவாட்ங்கிறது குழாயோட அகலம். தொட்டி நிறைய தண்ணி இருந்தாலும் குழாய் சின்னதுன்னா எல்லாரும் ஒரே நேரத்துல குளிக்க முடியாது.

மோட்டார் இருக்கிற ஊர்ல இன்னொரு விஷயம், மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடுறதை விட 5-ல இருந்து 7 மடங்கு கரண்ட் இழுக்கும். நாலு பேர் ஒரே நேரத்துல மோட்டார் போட்டா ஊரே மங்குறது அதனாலதான். மோட்டாரை மெதுவா கிளப்புற சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டா பாதி பிரச்சனை போயிடும், இல்லன்னா ஆளுக்கு ஒரு நேரம்னு கூட்டத்துல பேசி வெச்சுக்கிட்டாலே போதும், அதுக்கு செலவே இல்ல. பழைய 60 வாட் குண்டு பல்பு எங்கேயாவது மிச்சம் இருந்தா 9 வாட் எல்இடி அதே வெளிச்சம் குடுக்கும்.

ஸ்காட்லாந்து பக்கத்துல ஐக்னு ஒரு சின்னத் தீவு, சுமார் நூறு பேர்தான். மெயின்லேண்டுல இருந்து கேபிளே கிடையாது, வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் வெச்சு ஓட்டிட்டு இருந்தாங்க. 1997-ல தீவையே மக்கள் வாங்கினாங்க, 2008 பிப்ரவரியில சொந்தமா கிரிட் ஆரம்பிச்சாங்க, ஓடைத்தண்ணி, காத்து, வெயில் மூணும் சேர்த்து, கூட பேட்டரி, ஆபத்துக்கு டீசல். அவங்க எடுத்த முடிவுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது, ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்துல 5 கிலோவாட், கடை தொழிலுக்கு 10 கிலோவாட், அவ்வளவுதான், பணக்காரன் ஏழை எல்லாருக்கும் ஒண்ணு. தாண்டினா அந்த வீட்டு கரண்ட் மட்டும் தானா கட் ஆகும். தண்ணி காத்து கம்மியா இருக்கிற நாள்ல கொஞ்சம் பாத்து யூஸ் பண்ணுங்கன்னு ஊருக்கு சொல்லிடுவாங்க, மிச்சமா வர்ற நாள்ல பொதுக் கட்டடங்களோட ஹீட்டருக்கு திருப்பி விட்டுடுவாங்க. மேல இருந்து ஒருத்தர் போட்ட லிமிட்டா இருந்திருந்தா சண்டைதான் வந்திருக்கும், தாங்களே உக்காந்து பேசி வெச்சதால ஓடுது.

அஞ்சாவது: செலவு கம்மியான ரிப்பேரை முதல்ல முடிங்க

புது பெட்டி மேல ஆசை வர்றது இயல்பு, ஆனா ஓட்டைப் பானையில எவ்வளவு ஊத்தினாலும் நிக்காது. கம்பியில வீணாகுற கரண்ட், அதுல ஓடுற ஆம்பியரோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும், ஆம்பியர் ரெண்டு மடங்கானா நஷ்டம் நாலு மடங்கு. இதை வெச்சு ஒரு கணக்கு பாருங்க. மூணு பேஸ்ல (கரண்ட் கொண்டு வர்ற மூணு தனித்தனி கம்பி) ஒண்ணுல 90 ஆம்பியர், மத்த ரெண்டுல 30, 30 ஓடுதுன்னு வைங்க. நியூட்ரல்ல 60 திரும்பி வரும். நாலோட வர்க்கத்தையும் கூட்டினா 13,500. அதே லோடை மூணுலயும் 50, 50, 50-ன்னு பிரிச்சா நியூட்ரல்ல ஒண்ணுமில்ல, கூட்டினா 7,500. நஷ்டம் கிட்டத்தட்ட பாதியா குறையுது, ஒரு மீட்டர் கம்பி கூட வாங்கல, சில வீடுகளோட சர்வீஸை வேற பேஸுக்கு மாத்தினது மட்டும்தான். எந்த வீடு எந்த பேஸ்ல இருக்குன்னு பட்டியல் இல்லாததாலதான் இது பல ஊர்ல நடக்கறதே இல்ல. அந்தப் பட்டியலையும் ஊர்க்காரங்க எடுத்துத் தரலாம், ஒரு பேஸ் போற அன்னைக்கு எந்தெந்த வீட்டுல லைட் இல்லன்னு எழுதினாலே பாதி தெரிஞ்சிடும்.

அப்புறம் லூஸ் ஜாயின்ட் எல்லாத்தையும் இறுக்குறது, சாயந்தரம் லோடு நேரத்துல தெர்மல் கேமரா வெச்சு பாத்தா சூடான ஜாயின்ட் பளிச்சுன்னு தெரியும். மரக்கிளை வெட்டுறது, மரம் வெச்சிருக்கிறவங்ககிட்ட முன்னாடியே பேசி, மழைக்கு முன்னாடி, லைனை ஆஃப் பண்ணி எர்த் பண்ணின பிறகு. எர்த் குழி கரண்டை மண்ணுல சரியா இறக்குதான்னு அளந்து பாத்து சரி பண்றது. இவ்வளவும் முடிச்ச பிறகும் கடைசி வீட்டுல 207 வரலைன்னா, கம்பியை பருமனா மாத்தணும், இல்லன்னா பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணுக்கு பதிலா சின்னதா ரெண்டு, அதுல ஒண்ணு கடைசித் தெரு பக்கம். என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் பல ஊருக்கு சரி, டிரான்ஸ்ஃபார்மருக்கு வர்ற ஹெச்டி (உயர் அழுத்த) லைன் கிட்ட வந்து, அங்க இருந்து வீட்டுக்குப் போற எல்டி (தாழ்வழுத்த) லைனோட நீளம் குறைஞ்சாலே வோல்டேஜ் எழுந்து நிக்கும். மரம் அடர்ந்த தெருவுல திறந்த கம்பிக்கு பதிலா ரப்பர் மாதிரி உறை போட்டு முறுக்கின ஏபி கேபிள் போடச் சொல்லுங்க, கிளை பட்டாலும் ஒண்ணும் ஆகாது, கொக்கி போடவும் முடியாது.

வெளிய இருந்து வர்ற நீள ஃபீடருக்கு ஆட்டோ ரீக்ளோஸர் கேளுங்க. மேல போற லைன்ல வர்ற கோளாறு பத்துல ஏழெட்டு தற்காலிகமானது, கிளை ஒரு நொடி உரசும், பறவை உக்காரும், அவ்வளவுதான். ரீக்ளோஸர் இருந்தா தானே கட் ஆகி சில நொடியில தானே திரும்ப போட்டுக்கும், அது இல்லாததாலதான் ஒரு நொடிக் கோளாறுக்கு ஆள் 20 கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு வர்றாரு.

ஆறாவது: இப்பத்தான் உற்பத்தியும் பேட்டரியும்

டீசல்ல ஓடுற ஊரா இருந்தா ஜெனரேட்டரோட லாக் புக்கை எடுங்க. நல்ல லோடுல ஒரு லிட்டருக்கு மூணுல இருந்து நாலு யூனிட் வரும். ராத்திரி லோடே இல்லாம பெரிய ஜெனரேட்டர் ஓடிட்டு இருந்தா அந்தக் கணக்கு சரிஞ்சிடும், 30 சதவீதத்துக்கு கீழ தொடர்ந்து ஓட்டினா எரியாத டீசல் சைலன்ஸர்ல கரியா ஒழுகும், இன்ஜினும் சீக்கிரம் போயிடும். சோலார் நிறைய போட்டு ஜெனரேட்டரை லேசான லோடுல ஓட்டுறதும் இதே தப்புதான், பேட்டரி வெச்சு ஜெனரேட்டரை மொத்தமா நிறுத்துற மாதிரி பிளான் பண்ணணும்.

பேட்டரி சைஸ் எப்படி போடுறதுன்னு ஒரு மாதிரிக் கணக்கு. சாயந்தரம் அஞ்சு மணி நேரம் சராசரியா 30 கிலோவாட் ஓடுதுன்னா 150 யூனிட். பேட்டரியை முழுக்க காலி பண்ணக் கூடாது, 80 சதவீதம்தான் எடுக்கணும்னு வெச்சா 188, இன்வெர்ட்டர் நஷ்டம் சேர்த்து 200 யூனிட் பேட்டரி. அதை ரொப்ப, நல்ல வெயில் இருக்கிற ஊர்ல 1 கிலோவாட் பேனலுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட்னு பாத்தா, பகல் லோடு போக 50 கிலோவாட் பேனல் தனியா வேணும். ரெண்டு நாள் மேகமூட்டம்னா என்னன்னு கேளுங்க, அதுக்கு பேட்டரியை மூணு மடங்காக்க வேண்டாம், அந்த நாளைக்கு டீசலோ கிரிட்டோ பக்கத்துல இருக்கட்டும். லெட் ஆசிட் பேட்டரி வாங்கினா ரூம் சூட்டைப் பாருங்க, 10 டிகிரி கூடினா ஆயுசு கிட்டத்தட்ட பாதி, தகரக் கூரைக்கு கீழ வெச்சு நாசமானதை நானே கண்ணால பாத்திருக்கேன்.

பக்கத்துல ஓடையோ நல்ல காத்தோ இருந்தா சோலார் மட்டும்தான்னு இருக்காதீங்க. அலாஸ்காவுல கோடியாக் தீவு, கூட்டுறவு சங்கம்தான் அங்க கரண்ட் நடத்துது, டீசலை விட்டு வர்றதுக்கு நீர்மின் நிலையத்தோட 1.5 மெகாவாட் காற்றாலை 2009-ல மூணு, 2012-ல இன்னும் மூணு வெச்சாங்க. அப்புறம் துறைமுகத்துல பெரிய எலக்ட்ரிக் கிரேன் வந்துச்சு, அது தூக்குறப்ப எல்லாம் லோடு குபீர்னு ஏறும், அதைத் தாங்க 2015-ல ஃப்ளைவீல் வெச்சாங்க, கனமான சக்கரம் சுத்திட்டே இருந்து ஏத்த இறக்கத்தை வாங்கிக்கும். உங்க ஊர்லயும் மரம் அறுக்குற மில்லோ ஐஸ் ஃபேக்டரியோ இருந்தா அந்த ஒத்தை லோடுக்காக டிசைனே மாறும், கூட்டத்துல அவங்களை முன்னாடியே உக்கார வைங்க.

ஏழாவது: பணம்

மானியமோ கடனோ வரும், அதுல பெட்டி வாங்கிடலாம். பத்து வருஷம் கழிச்சு பேட்டரி மாத்த யார் பணம் தருவாங்கங்கிறதுதான் கேள்வி, தர்னையில இல்லாம போனது அதுதான். கணக்கு சுலபம், பேட்டரி பத்து வருஷம் ஓடும்னா அதோட விலையில 120-ல ஒரு பங்கை மாசாமாசம் தனிக் கணக்குல போடணும், இன்வெர்ட்டருக்கு அதே மாதிரி இன்னொண்ணு. அதை வீடுகளுக்குப் பிரிச்சு பில்லுல சேருங்க, பில்லு கொஞ்சம் கூடத்தான் வரும், எதுக்குன்னு பில்லுலயே தனி வரியா போடுங்க. அந்த அக்கவுண்டுல மூணு பேர் கையெழுத்து வேணும், அதுல ஒருத்தர் கடைசித் தெருக்காரரா இருக்கட்டும். கட்டவே முடியாத வீடு நாலஞ்சு இருக்கும், அவங்களுக்கு உழைப்பா கழிச்சுக்கலாமான்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க, பின்னாடி கரண்டை கட் பண்ணப் போய் சண்டை வர்றதை விட அது மேல். நேபாளத்துல 2003-ல வந்த சமூக மின்விநியோக விதியில செலவுல 20 சதவீதம் ஊர் பங்கு, மீதி அரசு பக்கம்னு வெச்சாங்க, போஸ்ட் தூக்குறது குழி தோண்டுறதுன்னு உழைப்பாவும் ஊர்க்காரங்க நிறைய குடுத்தாங்க. ஜெர்மனியில ஷோனாவ்ங்கிற சின்ன டவுன்ல 1991, 1996-ன்னு ரெண்டு தடவை கிரிட்டை யார் நடத்துறதுன்னு ஊரே ஓட்டு போட்டு ஜெயிச்சு, 1997-ல கிரிட்டையே மக்கள் கம்பெனி வாங்கிடுச்சு. செர்னோபில் அணு உலை விபத்துக்கு அப்புறம் பெத்தவங்க சில பேர் ஆரம்பிச்ச வேலை, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. நீங்களும் ஒரு வருஷத்துல முடிஞ்சிடும்னு யாருக்கும் வாக்கு குடுக்காதீங்க.

எட்டாவது: ஆள் பழக்குறது, உயிர் காப்பாத்துறது

உள்ளூர்ல ரெண்டு பேருக்காவது முழு பயிற்சி வேணும், ஒருத்தர் மட்டும்னா அவர் வெளியூர் போற அன்னைக்குத்தான் எல்லாம் நிக்கும். ஃபியூஸ், கனெக்டர், பீங்கான், இன்வெர்ட்டர் ஃபேன்னு சின்ன சாமான்களை ஊர்லயே ஒரு அலமாரியில வெச்சுக்கோங்க.

வீட்டு ஜெனரேட்டர் விஷயத்துல மட்டும் கொஞ்சம் கடுமையாவே பேசுங்க. கரண்ட் போனதும் சில பேர் ஜெனரேட்டரை பிளக் வழியா வீட்டு ஒயரிங்க்ல சொருகுவாங்க, மெயினை ஆஃப் பண்ண மறந்தா அந்த 230 வோல்ட் லைனுக்குப் போய் டிரான்ஸ்ஃபார்மர்ல பின்பக்கமா ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டா மாறி, மேல கம்பத்துல "லைன் ஆஃப்ல இருக்கு"ன்னு நம்பி வேலை செய்யுற ஆள் மேல பாயும். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் (ஒரு நேரத்துல லைன் இல்ல ஜெனரேட்டர், ஒண்ணை மட்டும் வீட்டுக்கு விடுற ஸ்விட்ச்) இல்லாத ஜெனரேட்டர் ஊர்ல ஒண்ணு கூட இருக்கக் கூடாது. லைன்ல வேலைன்னா எப்பவும் ஒரே வரிசை: ஆஃப் பண்ணு, யாரும் திரும்ப போட முடியாம பூட்டு, லைன்ல கரண்ட் இல்லையான்னு டெஸ்டர் வெச்சு பாரு, எர்த் பண்ணி ஷார்ட் பண்ணு, பக்கத்துல கரண்ட் ஓடுற லைனை மறை. அவசரம்னு இதுல ஒண்ணைக் கூட விடச் சொல்லி லைன்மேனை யாரும் நச்சரிக்கக் கூடாதுன்னு கூட்டத்துல சொல்லுங்க, ராத்திரி போன் மேல போன் போட்டு அவரைத் துரத்துறது நாமதானே.

கடைசியா: வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி

ஊர் முழுக்க ஒரே நாள்ல மாத்தாதீங்க, தெரு தெருவா மாத்துங்க, ஒரு தெரு ஒரு வாரம் நல்லா ஓடினா அடுத்தது. ஆஸ்பத்திரியை பழைய சப்ளைக்கு திருப்புற வழி கடைசி வரைக்கும் இருக்கட்டும். கான்ட்ராக்டர் ரிசல்ட் ஷீட் கொண்டு வந்து நீட்டுவாரு, அது பெரும்பாலும் மத்தியானம் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல எடுத்ததா இருக்கும். வாங்கி வெச்சுக்கோங்க, கையெழுத்து போடாதீங்க. சாயந்தரம் 7 மணிக்கு அவரையும் கூட்டிட்டு கடைசி வீட்டுக்குப் போங்க, எல்லா வீட்டுலயும் லைட்டும் ஃபேனும் ஓடட்டும், அதே பிளக்குல அதே மீட்டரை சொருகுங்க. அந்தப் பாட்டி வீட்டுல நாங்க போனப்ப 219 காட்டுச்சு. பாட்டி கரித்துண்டை எடுத்து, பழைய 168-க்கு கீழயே அதையும் எழுதினாங்க, அதுக்கு அப்புறம்தான் நாங்க பேப்பர்ல கையெழுத்து போட்டோம்.